பெல்ட் கீச்சிடும் காரோடு திருமலை ஏறாதீர்கள்... உஷார்!

போன புரட்டாசியில், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். புத்தூரைத் தாண்டி வடமாலபேட்டையை நெருங்கிக்கொண்டிருந்தோம். டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. "பேட்டரி வீக் போல. திருப்பதி போய்ப் பார்த்துக்கலாம்" என்றார் வண்டி ஓட்டிய மச்சான். அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஸ்டியரிங் இறுகியது. முன்னால் போன டெம்போ வேகத்தைக் குறைத்தது. மச்சான் பிரேக்கை மிதித்தார், பிடித்தது. மறுபடி மிதித்தார், பாதிதான் பிடித்தது. மூன்றாம் முறை மிதித்தபோது பெடல் கருங்கல் மாதிரி நின்றுவிட்டது. காலை ஊன்றி, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, இடது ஓரத்து மண்ணில் வண்டியை இறக்கி நிறுத்தினார். பின்சீட்டில் என் அம்மா, தங்கை, அவளுடைய இரண்டு பிள்ளைகள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் கை நடுங்குவது நிற்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

காரணம் என்ன தெரியுமா? இரண்டு மாதமாக என்ஜின் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு "கீச்... கீச்...". அவ்வளவுதான்.

பழைய கார் வைத்திருக்கும் எல்லா வீட்டுக்கும் இந்தச் சத்தம் தெரியும். காலையில் ஸ்டார்ட் செய்தால் குருவி கத்துவது போல ஒரு கீச்சு. தெருமுனை திரும்புவதற்குள் நின்றுவிடும். "பெல்ட் சத்தம்தான், ஒண்ணும் ஆகாது" என்று நாமே சொல்லிக்கொள்வோம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஊரில் ஒரு பட்டறையில் பெல்ட்டை மட்டும் மாற்றினோம். ஒரு வாரம் அமைதி, பிறகு மறுபடி கீச்சு. அன்று கிளம்பி வரும் வழியில் சத்தம் அதிகமாகவே, திருத்தணி பக்கம் சாலையோரம் ஒருவரிடம் காட்டினோம். அவர் ஒரு டப்பாவிலிருந்து பெல்ட் மேல் எதையோ ஸ்ப்ரே அடித்தார். சத்தம் நின்றே போனது. நிம்மதியாகப் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். எங்களை எச்சரித்துக்கொண்டிருந்த ஒரே வாயையும் அடைத்துவிட்டோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

வடமாலபேட்டையிலிருந்து டிவிஎஸ் எக்ஸெலில் ஒரு மெக்கானிக் வந்தார். தெலுங்கு வாடை வீசும் தமிழ். பானெட்டுக்குள் டார்ச் அடித்தார், நாராய்க் கிழிந்து கிடந்த பெல்ட்டை உருவினார், உள்ளே கைவிட்டு ஒரு சின்னச் சக்கரத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். பெல்ட்டைத் தளராமல் பிடித்துவைக்கும் டென்ஷனர் புல்லி. கறுப்பு பிளாஸ்டிக் சக்கரம். நடுவில் இரும்பு பேரிங். பேரிங்கைச் சுற்றி பிளாஸ்டிக் மெழுகு போல உருகி ஒரு பக்கமாக வழிந்திருந்தது. பேரிங்கை விரலால் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. அழுத்தித் திருப்பியபோது உள்ளே மணல் அரைபடுவது போல நறநறத்தது. "பெல்ட்டு மேல தப்பில்ல சார். இந்த பேரிங்கு செத்து ரொம்ப நாளாச்சு. இது சுத்தாம நின்னுடுச்சு, பெல்ட்டு இதும் மேல தேஞ்சு தேஞ்சு பிஞ்சிடுச்சு" என்றார். நாங்கள் மாற்றியது குற்றமில்லாத பெல்ட்டை. குற்றவாளி பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தான்.

சரி, பெல்ட் அறுந்தால் பிரேக் ஏன் போக வேண்டும்? இதைத்தான் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். காலால் மிதிக்கும் பலம் மட்டும் ஒரு காரைச் சட்டென்று நிறுத்தப் போதாது. பெடலுக்குப் பின்னால் பெரிய வட்ட டப்பா போல பிரேக் பூஸ்டர் இருக்கிறது. வெற்றிடத்தின் இழுவிசையால் அது நம் மிதியைப் பல மடங்காக்குகிறது. பெட்ரோல் வண்டியில் அந்த வெற்றிடத்தை என்ஜினே உறிஞ்சித் தருகிறது. டீசல் என்ஜினில் அப்படிக் கிடைக்காது. தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வேண்டும். பழைய டீசல் கார்கள் பலவற்றில், எங்களுடையதிலும், அந்த பம்ப், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது பெல்ட். பெல்ட் அறுந்தால் ஆல்டர்னேட்டர் நிற்கும், வேக்குவம் பம்ப்பும் நிற்கும். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும். அதன் பிறகு கருங்கல்.

இன்றும் நம் மெக்கானிக்குகள் இதை "ஃபேன் பெல்ட்" என்றுதான் சொல்கிறார்கள். அம்பாசடர் காலத்துப் பெயர் அது. அந்த வண்டியில் ஒரு வி-பெல்ட், ஃபேனையும் வாட்டர் பம்ப்பையும் டைனமோவையும் சுற்றும். அறுந்தால் ரேடியேட்டர் கொதிக்கும். டிரைவர் டிக்கியிலிருந்து இன்னொரு பெல்ட்டை எடுத்து மரத்தடியில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "பெல்ட்தானே" என்ற அலட்சியம் நமக்கு அங்கிருந்து வந்தது. பின்னால் வந்த கார்கள் பலவற்றில் ரேடியேட்டர் ஃபேன் கரண்டுக்கு மாறிவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. வரிவரியாகப் பள்ளம் போட்ட ஒரே நீளப் பெல்ட், பல வண்டிகளில் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரஸர், பவர் ஸ்டியரிங் பம்ப் என்று அத்தனையையும் இழுக்கிறது. அது போனால் சார்ஜ், குளிர்ச்சி, ஸ்டியரிங் எல்லாம் ஒரே நேரத்தில் போகும். பழைய டீசல் என்றால் பிரேக்கும்.

இப்போது இடத்தை யோசித்துப் பாருங்கள். சென்னையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகப் போகும் இந்தச் சாலையில் வடமாலபேட்டை கிட்டத்தட்டக் கடைசிப் பெரிய நிறுத்தம். டோல்கேட் தாண்டினால் திருப்பதி இருபது கிலோமீட்டர் சொச்சம். பிறகு அலிபிரி, அதன் பிறகு மலை. சமதரையில் இத்தனை தூரம் வந்து சூடேறிய பழைய வண்டி, முழுக் குடும்பத்தையும் மூட்டை முடிச்சையும் சுமந்துகொண்டு, ஏசியும் ஓட, 18 கிலோமீட்டர் சொச்சம் ஏற வேண்டும். மே மாதத்தில் இந்தப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஏறும்போது பெல்ட் போனால் என்ஜின் கொதிக்கும், ஹெட் கேஸ்கட் போகும், வண்டி நின்றுவிடும். அது பண நஷ்டத்தோடு முடியும். இறங்கும்போது போனால்? இறங்குவதற்கென்று இன்று ஒதுக்கியிருக்கும் பாதை 1944-இல் போட்ட முதல் மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவுக்குப் பின் வளைவு, ஒவ்வொன்றிலும் பிரேக்.  வேகமாக இறங்கக் கூடாது என்றுதான் தேவஸ்தானம் குறைந்தபட்ச நேரக் கட்டுப்பாடே வைத்திருக்கிறது. எங்கள் வண்டியின் பேரிங் இன்னும் ஒரு நாள் தாக்குப் பிடித்திருந்தால், பின்சீட்டில் அம்மா இருக்க, அந்தக் கருங்கல் பெடல் அந்த வளைவுகளில் எங்களுக்குக் கிடைத்திருக்கும். இதை எழுதும்போதும் வயிற்றைப் பிசைகிறது.

ஆகவே சத்தத்தை அடக்காதீர்கள், கேளுங்கள். அது என்ன சொல்கிறது என்று பிரித்துக் கேட்கப் பழகலாம், ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

"கிரீஈஈச்" என்று நீளமாகக் கத்தினால், பெல்ட் வழுக்குகிறது. ஸ்டார்ட் செய்தவுடன் ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு வேகமாக சார்ஜ் ஏற்றும் நேரம், ஏசி போடும் நேரம், ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும் நேரம் என்று சுமை கூடும்போதெல்லாம் கத்தும். பெல்ட் தளர்ந்திருக்கலாம், தேய்ந்து பளபளத்திருக்கலாம், ஆயில் பட்டிருக்கலாம். மழை நனைந்த காலையில் ஓரிரு நொடி கத்தி அடங்கினால் பயப்பட வேண்டாம். வெயில் காலத்திலும் கத்தினால் பயப்படுங்கள். "கீச், கீச், கீச்" என்று தாளமாக, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் தாளமும் வேகமெடுத்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை, சாய்ந்திருக்கிறது. "உர்ர்ர்", "கொர்ர்ர்" என்று அடித்தொண்டையில் உறுமினால் அது பெல்ட்டே இல்லை, பேரிங். எங்கள் வண்டியில் முதல் மாதம் கீச்சு. இரண்டாம் மாதம் கீச்சுக்கு அடியில் ஒரு உறுமல் இருந்தது. தங்கை மகன் சொன்னான், "மாமா, கார் குறட்டை விடுது" என்று. நாங்கள் சிரித்தோம். பிள்ளை சரியாகத்தான் கேட்டிருக்கிறான்.

வழுக்கலா, சாய்வா என்று கண்டுபிடிக்க ஒரு பாட்டில் தண்ணீர் போதும். வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜின் மெதுவாக ஓடட்டும். தள்ளி நின்று, பெல்ட்டின் வரிப்பள்ளம் உள்ள பக்கத்தில் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் சட்டென்று நின்று சில நொடியில் திரும்பினால், புல்லி சாய்வு. சத்தம் இன்னும் பெரிதானால், பெல்ட்டின் இழுவை போதவில்லை. ஆனால் ஒன்று: முந்தானை, துப்பட்டா, வேட்டி நுனி, கழுத்துச் சங்கிலி, கைக் கயிறு எதுவும் ஓடும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. என்ஜினை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கலாம். கையை உள்ளே விடுவதாக இருந்தால் சாவியை எடுத்துவிட்டு, ஃபேனுக்கு எட்டாத பக்கமாக விடுங்கள்.

பேரிங் எது என்று கண்டுபிடிக்க நல்ல மெக்கானிக் நீள ஸ்க்ரூடிரைவரை எடுப்பார். கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை ஆல்டர்னேட்டர் உடம்பில், வாட்டர் பம்ப் உடம்பில், டென்ஷனரின் போல்ட்டில் என்று அசையாத பாகங்களில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்பார். எதில் "கரகர" அதிகமோ அதுதான். இதை விட உறுதியான வழி, ஆறிய என்ஜினில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுவது. நல்ல பேரிங் சத்தமில்லாமல், வழவழவென்று, லேசான பிடிப்போடு சுற்றும். பைக் சக்கரம் போல நெடுநேரம் சுழன்றுகொண்டே இருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். நறநறத்தால் ஆயுசு முடிந்தது. முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மாற்ற வேண்டியதுதான். பெல்ட் இல்லாமல் என்ஜினை அரை நிமிடத்துக்குள் ஸ்டார்ட் செய்து நிறுத்தினால் இன்னொன்றும் தெரியும். சத்தம் போய்விட்டால் வெளியே உள்ள புல்லிகளில்தான் கோளாறு. அப்போதும் சத்தம் இருந்தால் விஷயம் என்ஜினுக்குள். இதை மெக்கானிக்கே செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். "பெல்ட்டைக் கழட்டிட்டு எல்லாப் புல்லியையும் சுத்திப் பாத்தீங்களா?" இந்த ஒரு கேள்வியை நான் முதல் பட்டறையிலேயே கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டியிருந்திருக்காது.

வாட்டர் பம்ப்பைப் பார்க்கும்போது இன்னொன்றும் கவனியுங்கள். பம்ப் உடம்பின் அடியில் ஊசித் துளை மாதிரி ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதன் கீழே பச்சையாகவோ ரோஸாகவோ கூலன்ட் வழிந்து காய்ந்த உப்புக் கோடு தெரிந்தால், உள்ளே சீல் கசிகிறது. அடுத்து பேரிங் போகும்.

கிராங்க் புல்லியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அடியில் இருக்கும் பெரிய சக்கரம் அது. பல வண்டிகளில் அது ஒரே இரும்பு இல்லை. உள்வளையம், வெளிவளையம், இரண்டுக்கும் நடுவில் ரப்பர். பத்துப் பதினைந்து வருடத்தில் ரப்பர் வெடித்து, வெளிவளையம் தள்ளாட ஆரம்பிக்கும். அது போடும் "டக் டக்" சத்தத்தைக் கேட்டு என்ஜினையே இறக்கச் சொன்னவர்களும் உண்டு. உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை சாக்பீஸால் ஒரு நேர்கோடு போடுங்கள். சில நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் ரப்பர் விட்டுவிட்டது.

சத்தத்துக்கு நம் சாலையோரங்களில் கொடுக்கும் வைத்தியங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சோப்புத் துண்டு தேய்ப்பது, பவுடர் தூவுவது, ஸ்ப்ரே அடிப்பது, விளக்கெண்ணெய் தடவுவது. எல்லாமே சத்தத்துக்கு மருந்து, நோய்க்கு இல்லை. எண்ணெய் பட்ட ரப்பர் உப்பிப் போகும். இதைவிட மோசமானது, சத்தம் நிற்கும் வரை பெல்ட்டை முறுக்கி இறுக்குவது. டென்ஷனை நாமே வைக்கும் பழைய மாடல்களில் இது தினமும் நடக்கிறது. இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். வீணைத் தந்தி மாதிரி இறுக்கினால் கீச்சு நிற்கும். வாட்டர் பம்ப் பேரிங்கும் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் சில மாதத்தில் போய்விடும்.

"பெல்ட்ல வெடிப்பே இல்லையே, நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். நம்பாதீர்கள். அந்தக் காலத்து ரப்பர் வெடித்துக் காட்டும். இப்போது வரும் ரப்பர் எளிதில் வெடிப்பதில்லை, டயர் போலத் தேய்கிறது. பள்ளங்கள் அகன்று, புல்லியின் வரிகள் பெல்ட்டின் அடியைத் தொட ஆரம்பித்துவிடும். பார்வைக்குப் புதிது, பிடிப்பில் பழசு. புதிது வாங்கும்போது பழைய பெல்ட்டின் முதுகில் அச்சடித்த எண்ணைப் பாருங்கள். 6பிகே 1750 என்றிருந்தால் ஆறு வரி, 1750 மில்லிமீட்டர் நீளம். "கிட்டத்தட்ட இதே சைஸ்தான்" என்று வேறொன்றை மாட்டவிடாதீர்கள். மதுரையிலேயே பெல்ட் தயாராகிறது, சென்னை ஜி.பி. ரோட்டில் எல்லா மாடலுக்கும் கிடைக்கிறது. டப்பாவோடு, பில்லோடு வாங்குங்கள். கதவு, கண்ணாடி, பம்பர் என்றால் புதுப்பேட்டையில் பழசு வாங்கலாம், நானே வாங்கியிருக்கிறேன். பேரிங் உள்ள எதையும் பழசு வாங்கக் கூடாது.

பிஸ்டனோடு வால்வுகளைத் தாளம் தவறாமல் இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் தனிக் கதை, இதைவிட ஆபத்தான கதை. அது உறைக்குள் ஒளிந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, பெரும்பாலும் கத்தவும் செய்யாது. அதன் டென்ஷனர் பேரிங் மட்டும் உறைக்குள்ளிருந்து மெலிதாக "விர்ர்ர்" என்னும். பழைய சான்ட்ரோ, இண்டிகா டீசல் போன்றவற்றில் டைமிங் பெல்ட்தான். முதல் தலைமுறை இன்னோவா டீசலில் மாற்ற வேண்டிய நேரம் வந்தால் எரிவதற்கென்றே டேஷ்போர்டில் டி-பெல்ட் விளக்கு வைத்திருக்கிறார்கள். சிலர் பெல்ட்டை மாற்றாமலே அந்த விளக்கை மட்டும் அணைத்து வண்டியை விற்கிறார்கள். செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் உஷார். டைமிங் பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வுகளை முட்டி வளைத்துவிடும். வெளியே அறுந்த பெல்ட்டின் நார் கிராங்க் புல்லிக்குப் பின்னால் நுழைந்து டைமிங் பெல்ட்டையும் கெடுத்த வண்டிகள் உண்டு. உங்கள் வண்டிக் கையேட்டில் எத்தனை கிலோமீட்டர், எத்தனை வருடம் என்று போட்டிருக்கிறது, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. மாற்றும்போது டென்ஷனர், பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பெல்ட்டை மட்டும் மாற்றி நாங்கள் பட்டது போதும்.

இத்தனைக்குப் பிறகும் வழியில் அறுந்துவிட்டால், பேட்டரி விளக்கும் ஸ்டியரிங் இறுக்கமும் சேர்ந்து வந்த நொடியே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடாதீர்கள். ஒவ்வொரு தொடுதலும் மிச்சமிருக்கும் வெற்றிடத்தைத் தின்கிறது. ஒரே மிதியாக அழுத்திப் பிடியுங்கள், கியரைக் குறையுங்கள், நான்கு இண்டிகேட்டரையும் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். வண்டி முழுதாக நிற்கும் வரை என்ஜினை அணைக்காதீர்கள். நின்றதும் உடனே அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்து முகம் வெந்தவர்கள் அநேகம். ஆறும் வரை தொடாதீர்கள். நைலான் கயிறைக் கட்டி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எல்லோரையும் தடுப்புக்கு அப்பால் இறக்கி நிறுத்திவிட்டு, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குக் கூப்பிடுங்கள்.

எங்களுக்கு அன்று புது டென்ஷனரும் பெல்ட்டும் திருப்பதியிலிருந்து வர இரவு எட்டு மணி ஆயிற்று. மெக்கானிக் அண்ணன் அவற்றை மாட்டியபின் மற்ற புல்லிகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றிக் காட்டினார். என்ஜினைப் போட்டார். சத்தமே இல்லை. அப்படியும் மலைக்கு எங்கள் வண்டியை எடுக்க மனம் வரவில்லை. அலிபிரியில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் ஏறினோம்.

இந்தச் சனிக்கிழமை திருப்பதி போவதாக இருக்கிறீர்களா? வண்டிக்குப் பத்து வயசு தாண்டிவிட்டதா? இன்று சாயங்காலமே பானெட்டைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, ஏசியைப் போட்டு, ஒரு நிமிடம் பேசாமல் நின்று கேளுங்கள். கீச்சோ உறுமலோ காதில் விழுந்தால் பட்டறைக்குப் போங்கள். பெருமாள் அடுத்த வாரமும் அங்கேதான் இருப்பார்.